ஐந்தாம் வாசிப்போடு நிறுத்து

ஜூன் 4

காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், வாந்தி உண்டா, இதையெல்லாம் தினமும் எழுதி அடுத்த கீமோ ஊசிக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னார் நர்ஸ். காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி. காலையில் ஒரு தடவை வாந்தி. எழுதியாயிற்று. மீதிப் பக்கம் என்னுடையது.

கல்லூரியில் விடுப்பு. என் ஒளியியல் வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அது நியாயம். ஆனால் ஆராய்ச்சியிலிருந்து நான் விடுப்புக் கேட்கவில்லை. ஜெயசீலன் சார் தானாகவே கொடுத்திருக்கிறார்.

அவர் எங்கள் குழுவின் தலைவர். நாகர்கோவில்காரர், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறார். நாங்கள் எட்டுப் பேர். பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்வெளித் தொலைநோக்கியில் எங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைப் பூமியைவிடக் கொஞ்சம் பெரிய கோள் ஒன்று சுற்றுகிறது. நவம்பரில் ஒரு நாள் அந்தக் கோள் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும். அப்போது வருகிற வெளிச்சத்தை அகச்சிவப்பில் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கோளைச் சுற்றிக் காற்று இருந்தால் அந்த நிறமாலையில் தடம் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் வெறும் பாறை.

இதில் எக்ஸ்போஷர் நேரம் (வெளிச்சத்தை ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் சேர்ப்பது) வைப்பது என் வேலை. இந்தக் குழு ஆரம்பித்த நாளிலிருந்து நான்தான் வைக்கிறேன். நேற்று சார் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டிருக்கிறார்: வாணி குணமாகும்வரை எக்ஸ்போஷரை மிருதுளா பார்த்துக்கொள்வாள். பெயர்ப் பட்டியலில் கோகிலவாணி என்ற என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஓய்வில்’ என்று ஓர் அடைப்புக்குறி.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 7

காய்ச்சல் இல்லை. தயிர் சாதம், பாதி.

தொலைநோக்கிக்குக் கொடுக்க வேண்டிய கட்டளைக் கோப்பு ஒன்றை மிருதுளா அனுப்பியிருக்கிறாள். சென்னைப் பெண், முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது, கெட்டிக்காரி. ஏழு வாசிப்பு என்று போட்டிருக்கிறாள்.

தொலைநோக்கியின் ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். சேரச் சேர, காலி செய்யாமலே இடையிடையே அளவெடுப்போம். அதுதான் வாசிப்பு. கடைசி வாசிப்பு முடிந்ததும் காலி செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. கோள் கடந்து முடிகிறவரை இதே வேலை, திரும்பத் திரும்ப. வாசிப்பைக் குறைத்தால் காலி செய்வதிலேயே நேரம் போய் நிறமாலையில் இரைச்சல் கூடும். கூட்டினால் பிக்சல் நிரம்பிப் பக்கத்துப் பிக்சலுக்கு வழியும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் பிடிப்பதற்குத்தான் எனக்குப் பெயர்.

ஏழு வைத்தால் மிகப் பிரகாசமான பிக்சல் நூற்றுக்கு எண்பத்தைந்து நிரம்பும் என்கிறாள். கணக்கில் தப்பு இல்லை. நட்சத்திரத்தின் பிரகாசம் வானியல் பட்டியலில் இருக்கிறபடியே இருந்தால்.

ஜூன் 10

ஊசி. சிவப்பு மருந்து, பாட்டிலைத் துணி போட்டு மூடி ஏற்றுகிறார்கள். தங்கவேல் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் இங்கே கணபதி பகுதியில் பம்ப்செட் உதிரிபாகம் செய்கிறார். ஆர்டர் முடிக்கிற மாதத்தில் பகலில் பட்டறையைப் பூட்டியதே கிடையாது. இப்போது பூட்டுகிறார்.

பழக்கூடையோடு வந்த அவருடைய சித்தி ஏப்ரலில் நடந்த ஆபரேஷனைப் பற்றிக் கேட்டார். அதைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. இதிலும் எழுதுவதாக இல்லை.

ஜூன் 16

மூன்று நாள் படுக்கை. இன்று எழுந்து உட்கார முடிந்தது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது, மகள் சம்யு பள்ளிக்கூடம் போவதற்கு முன் எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. நான் சொல்லவே இல்லை.

மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு பழைய வானப் படங்களைத் திறந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் எடுத்த அகச்சிவப்புப் படத்தில் நம் நட்சத்திரம் உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் லேசாக நீண்டிருக்கிறது. அந்த நீட்சி கேமராவின் கூச்சம், உள்ளே வெளிச்சம் சிதறியதால் வந்தது, பொருட்படுத்த வேண்டாம் என்று பட்டியலில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

கூச்சம் என்றால் அதே படத்தில் அதே பிரகாசத்தில் இருக்கிற மற்ற நட்சத்திரங்களுக்கும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதற்கும் இல்லை.

அது கூச்சமில்லை. பின்னால் வெகு தூரத்தில் இன்னொரு நட்சத்திரம் நிற்கிறது. நம் நட்சத்திரம் வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம்தான் நகர்ந்து வந்திருக்கிறது. இந்நேரம் அதன் மேலேயே போய் நிற்கும். இரண்டின் வெளிச்சமும் ஒரே பிக்சலில் விழும். பின்னால் இருப்பது நம்முடையதில் கால்வாசி பிரகாசம் என்று வைத்தால்கூட ஏழாவது வாசிப்பில் பிக்சல் வழிந்துவிடும்.

ஐந்து. ஐந்தாவது வாசிப்போடு நிறுத்தியாக வேண்டும்.

வாந்தி இல்லை. ரசம் சாதம் முழுதாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 18

காணொளிக் கூட்டம். முடி கொட்ட ஆரம்பித்து, போன வாரம் மொத்தமாக மழித்துக்கொண்டேன். அதனால் கேமராவை அணைத்து வைத்திருந்தேன். குரல் மட்டும்.

படத்தைக் காட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சார் பொறுமையாகத்தான் கேட்டார். அந்தப் பட்டியலை எத்தனையோ பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறார்கள் என்றார். ஐந்து வைத்தால் இரைச்சல் கூடி, நமக்கு நேரம் ஒதுக்கிய தேர்வுக் குழுவிடம் நாம் கொடுத்த வாக்கே பொய்யாகிவிடும் என்றார். அப்படியே வழிந்தாலும் கடைசி இரண்டு வாசிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் கேட்டார். வழிந்தது அந்தப் பிக்சலோடு நிற்காது, பக்கத்து நிறங்களையும் கெடுக்கும், நாம் தேடுகிற தடமோ லட்சத்தில் சில பங்கு, அந்த அழுக்குக்குள் அதை எங்கே தேடுவது என்று பதில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. சார்தான் பேசினார்.

“வாணி, நீ இப்ப எடுக்கது சாதாரண மருந்து இல்ல. அந்த நேரத்துல கவனம் செதறும்னு டாக்டர்மாரே சொல்லுதாங்க. நீ ரெஸ்ட் எடு, கேட்டியா. இத நாங்க பாத்துக்கிடுதோம்.”

எட்டுப் பேருக்கு முன்னால்.

கேமராவைப் போட்டேன். அவர்கள் முகங்கள் மாறியதைப் பார்த்தேன். ஒருவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்.

“கவனம் சிதறியிருந்தா எந்த வரியில சிதறிச்சுன்னு காட்டுங்க சார். திருத்திக்கறேன்.”

சார் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கூட்டம் முடிகிறவரை நான் கேமராவை அணைக்கவில்லை.

ஜூன் 19

சம்யு என் தலையைத் தடவிப் பார்த்து, நல்லாத்தாம்மா இருக்கு என்றாள். பொய்தான். சொல்லட்டும்.

ஜூலை 3

காய்ச்சல் இல்லை.

பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கருகிய பிறகுதான் அடுப்பில் வைத்த ஞாபகமே வந்தது. நான் அடுப்பங்கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். இந்த வாரத்தில் இரண்டாவது பாத்திரம். நேற்று டீ வடிகட்டியை எடுத்துத் தரச் சொல்ல அந்தச் சொல் வரவில்லை. “அதுடி, ஓட்டை ஓட்டையா இருக்குமே அது” என்றேன். சம்யு சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சார் சொன்னது சரியாக இருந்தால்?

பழைய கணக்கு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் முதலிலிருந்து போட்டேன். நட்சத்திரத்தின் நிறம், கண்ணாடியின் பரப்பு, பிக்சலின் கொள்ளளவு, ஒவ்வொன்றையும் மூல ஆவணத்திலிருந்து எடுத்தேன். நடுவில் இரண்டு தடவை எங்கே விட்டேன் என்று மறந்தது. மறந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு மறுபடி மேலிருந்து வந்தேன். நன்றாக இருந்த காலத்தில் காலைக்குள் முடித்திருப்பேன். நான்கு நாள் ஆயிற்று.

ஐந்துதான் வருகிறது.

மெதுவாகத்தான் போகிறேன். தப்பாகப் போகவில்லை.

ஜூலை 11

நம் நட்சத்திரத்தின் இன்றைய பிரகாசத்தைத் தரையிலிருந்து ஒரே ஒரு தடவை அளந்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை. வடக்கே மலை மேலிருக்கும் தொலைநோக்கியில் வேலை செய்கிற சிநேகிதியிடம் அரை மணி நேரம் கேட்டிருந்தேன். பதில் வந்தது. மழைக்காலத்தில் கூரையைத் திறப்பதே இல்லையாம், அக்டோபரில்தான் திறப்பார்களாம். வெளிநாட்டுத் தொலைநோக்கிகளில் இந்தப் பருவத்துக்கான விண்ணப்பம் எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் கோப்பைச் செப்டம்பரில் மூட வேண்டும்.

ஆக, சாட்சி கிடையாது. ஒரு பழைய படமும் நானும்தான்.

ஜூலை 24

நான்கு நாளாகத் தங்கவேல் ஒரு மாதிரி இருந்தார். மடிக்கணினியைத் திறந்தால் வந்து ஃபேனைப் போடுவதும், கஞ்சி குடிக்கிறாயா என்பதும், போதும் படு என்பதும். இன்று அவருடைய போன் மேசையில் கிடந்தது, ஜெயசீலன் சார் பெயர் அதில் வந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

கேட்டேன். மறைக்கத் தெரியாத மனிதர். இது மூன்றாவது தடவையாம். வாணிக்கு இந்த நேரத்தில் மன உளைச்சல் ஆகாது, நீங்கள் சொன்னால் கேட்பாள், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்றாராம். இவரும் சரிங்க சார் என்றாராம்.

“நீங்க ஏனுங்க சரின்னீங்க?”

“உனக்கு நல்லதுன்னு சொல்றாரு. நான் என்ன சொல்லோணும்?”

“அவ கணக்கு தப்புன்னா அவகிட்டயே சொல்லுங்கன்னு சொல்லோணும்.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். எனக்கும் கோபம் தணியவில்லை. மத்தியானம் சாப்பாடு கொடுத்தனுப்பவும் இல்லை.

சாயங்காலம் வந்தவர் கை கழுவிக்கொண்டே சொன்னார். “நீ எந்திரிச்சு அந்தப் பொட்டியத் தொறந்து உக்காந்தீன்னாத்தான் எனக்கு மூச்சே வருது. படுத்துட்டீன்னா பயமா இருக்குது. இத அவருகிட்ட எப்படிச் சொல்றது?”

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. குழாயை மட்டும் வெகுநேரம் மூடாமல் நின்றார்.

ஆகஸ்ட் 17

வெள்ளையணு குறைந்து, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த நாட்களுக்கு எழுத ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் இந்த நோட்டைப் புரட்டினார். “என்னங்க மேடம், காய்ச்சல் ரெண்டு வரிதான் இருக்குது, மிச்சம் பூராவும் நட்சத்திரமா இருக்குது” என்றார். இரண்டும் ஒரே ஆளுக்கு நடப்பதுதான் என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

ஆகஸ்ட் 25

திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த சார், வீட்டுக்கும் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில். தங்கவேல் காப்பி போட்டுக் கொடுத்தார். மழை, கல்யாணம், சம்யுவின் படிப்பு என்று கொஞ்சம் போனது. பிறகு அவரே ஆரம்பித்தார்.

“அஞ்சுன்னு வச்சு, காத்து இருக்கா இல்லியான்னு சொல்ல முடியாமப் போச்சுன்னு வையி. ஒரே சான்ஸ். இத்தன பேரு உழைப்பு. யாரு பதில் சொல்லுவா?”

“நான் சொல்றேனுங்க சார். அஞ்சு என்னோட முடிவுன்னு கட்டுரையிலயே எழுதிக்கலாம்.”

“கட்டுரை வர ரெண்டு வருசம் ஆவும். அப்ப நீ…”

நிறுத்திவிட்டார். காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவேல் எழுந்துபோய் ஜன்னலண்டை நின்றார்.

“சொல்லி முடிங்க சார். அப்ப நான் இருப்பனான்னு கேக்க வந்தீங்க.”

“அப்படி இல்ல வாணி.”

“அப்படித்தானுங்க. ஜூன்லயிருந்து எல்லாரும் அதைத்தான் கேக்கறீங்க. இருப்பேன். நான் இல்லாமப் போனாலும் அந்தப் பிக்சல் நெறயறது நெறயறதுதான். என் ஒடம்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

சார் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். தங்கைக்கும் இதே நோய்தானாம். பள்ளிக்கூடத்து ஆசிரியை. கடைசி மாதம்வரை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாராம். அன்றைக்கே பிடித்து உட்கார வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள் என்று இன்றுவரை நினைப்பதாகச் சொன்னார்.

வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன். “அவங்க என்ன சொன்னாங்க சார்? உக்காரணும்னா?”

“போவணும்னுதான் சொன்னா.”

கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, “ஏழுதான், கேட்டியா” என்றார்.

செப்டம்பர் 8

அடுத்த வாரம் கோப்பை மூடுகிறார்கள். மிருதுளாவின் கோப்பில் இன்னும் ஏழு.

காலையில் தலை சுற்றல் இல்லாத ஒரு மணி நேரம் கிடைத்தது. குழுவுக்கும் தொலைநோக்கி அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் எழுதினேன். படங்கள், கணக்கு, காரணம் எல்லாவற்றையும் வைத்து, கடைசியில்: ‘ஏழு என்றே அனுப்புவதானால் இந்தத் திட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். எதற்காக எடுத்தார்கள் என்பதையும் இந்த மின்னஞ்சலோடு சேர்த்து வைத்துக்கொள்ளவும். உடல்நிலை காரணமாக என்று எழுத வேண்டாம். அது காரணமில்லை.’

நான்கு வருட வேலை. பெயர் போனால் எல்லாம் போயிற்று. தங்கவேல் படித்துக் காட்டச் சொன்னார். தமிழில் சொன்னேன்.

“கடேசி வரி நல்லா இருக்குது. அனுப்பிரு.”

அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினேன்.

செப்டம்பர் 9

யாரிடமிருந்தும் பதில் இல்லை. கால் விரல் மரத்துப் போயிருக்கிறது, புது மருந்தின் வேலை. வாந்தி இல்லை.

செப்டம்பர் 10

மிருதுளா எல்லோருக்கும் பதில் போட்டிருக்கிறாள். இரண்டே பத்தி. ஜூன் கூட்டத்துக்குப் பிறகு, யாரிடமும் சொல்லாமல், அதே காலத்தில் நடந்த வேறு இரண்டு வான அளவைகளின் (சர்வே) படங்களை எடுத்து அளந்து பார்த்திருக்கிறாள். ஒன்று தெளிவில்லை. இன்னொன்றில் அந்த நீட்சி அதே பக்கம், அதே அளவு. வாணி மேடம் பெயரை எடுப்பதானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று முடித்திருக்கிறாள்.

போன் செய்தேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஒரு படம் தெளிவா இல்ல மேடம். சார்கிட்ட அரைகுறையா எதையும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.” கொஞ்சம் பொறுத்து, “பயமாவும் இருந்துச்சு” என்றாள்.

இந்தப் பெண் என் இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று மூன்று மாதமாக மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 12

சாரிடமிருந்து ஒரு வரி. ‘ஐந்து. மாற்றி அனுப்பிவிட்டேன்.’

வணக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சம்யுவுக்குத் தேர்வு, அதனால் பாயசம் வேண்டாம் என்றாள். தங்கவேல் கேட்கவில்லை, ஜவ்வரிசி வாங்கி வந்துவிட்டார்.

அக்டோபர் 6

மலைத் தொலைநோக்கியின் கூரையைத் திறந்துவிட்டார்கள். சிநேகிதி எழுதியிருக்கிறாள், முதல் வாரம் முழுக்கப் பழுது பார்க்கிற வேலை, பிறகு வேறு ஆட்களின் முறை. இனி அளந்தாலும் கோப்பை மாற்ற முடியாது.

ஐந்து தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். இரைச்சலில் எல்லாம் முழுகிப் போகும். இந்த அம்மாள் நோயில் புத்தி தடுமாறி ஒரு பெரிய வாய்ப்பைக் கெடுத்தாள் என்று இரக்கத்தோடு பேசிக்கொள்வார்கள். வசவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த இரக்கம்தான் ஆகாது.

நவம்பர் 5

கடைசி ஊசி. நர்ஸ்கள் கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்து கதிர்வீச்சு, அதற்கடுத்து ஸ்கேன்.

கதிர்வீச்சு எத்தனை நிமிடம் என்று டாக்டரிடம் கேட்டபோது, உங்களுக்குத்தான் எக்ஸ்போஷர் பழக்கமாச்சே என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

நவம்பர் 14

இன்று பிற்பகல், நம் நேரப்படி, கோள் கடந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தொலைநோக்கி தன் பாட்டுக்கு எண்ணி, காலி செய்து, எண்ணியிருக்கும். தரவு இறங்கி வர நாளாகும்.

சம்யுவின் சீருடையை மூன்று தடவை மடித்தேன்.

நவம்பர் 17

தரவு வந்துவிட்டது. மிருதுளாவும் நானும் போனில் இருந்தபடியே ஒன்றாகத் திறந்தோம். நிறமாலையைப் பார்க்கவில்லை, முதலில் மிகப் பிரகாசமான பிக்சலைப் பார்த்தோம். ஐந்தாவது வாசிப்பில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது?

பட்டியல் சரியாக இருந்தால் அறுபது, அறுபத்தொன்று இருக்க வேண்டும்.

எழுபத்தாறு.

மிருதுளா சத்தமில்லாமல் பெருக்கிப் பார்த்திருப்பாள் போல. “ஏழு வச்சிருந்தா நூத்தி ஆறு மேடம்” என்றாள். எழுபத்தாறு என்று இந்த நோட்டின் ஓரத்தில் எழுதினேன்.

தங்கவேலுக்குப் போன் செய்து எழுபத்தாறு என்றேன். பட்டறைச் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. கடைசல் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

நவம்பர் 18

சார் கூப்பிட்டார். “நீ சொன்னதுதான் சரி” என்றார். எட்டுப் பேருக்கு முன்னால் சொன்னதை எட்டுப் பேருக்கு முன்னால் மாற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். கொஞ்சம் தயங்கினார். சாயங்காலக் கூட்டத்தில் சொன்னார், மருந்தைப் பற்றித் தான் பேசியது தப்பு என்பதையும் சேர்த்து. அதை நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

டிசம்பர் 2

நிறமாலை முடிந்துவிட்டது. சுத்தமாக இருக்கிறது, வழிந்த கறை எங்கேயும் இல்லை. ஆனால் காற்று இருக்கிறதா என்று கேட்டால், தெரியவில்லை.

கரியமில வாயுவின் தடம் விழ வேண்டிய இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. இரைச்சலும் கிட்டத்தட்ட அதே உயரம். பின்னால் நிற்கிற நட்சத்திரம் தன் வெளிச்சத்தைக் கலந்து கோளின் தடத்தை மங்கலாக்கியிருக்கிறது. ஏழு வைத்திருந்தால் இந்த மேடுகூடக் கறைக்குள் போயிருக்கும். ஐந்து வைத்ததால் கேள்வியாவது மிஞ்சியது.

நாள் முழுக்க அழுகை வந்தது. ஊசி போட்ட ஆறு மாதமும் நான் அழவில்லை. சம்யு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, என்னம்மா என்றாள். தெரியலடி, காத்து இருக்கான்னு தெரியல என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 4

கதிர்வீச்சு ஆரம்பம். போகப் போகத் தோல் எரியும் என்கிறார்கள். இட்லி மூன்று.

படுக்கையிலேயே கணக்குப் போட்டேன். அந்த மேடு நிஜமா என்று சொல்ல இன்னும் எத்தனை கடத்தல் பார்க்க வேண்டும்? நான்கு. நான்கு பார்த்தால் இரைச்சல் மேட்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அடுத்த சுற்று விண்ணப்பங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 20

விண்ணப்பம் எழுதி முடித்தாயிற்று. இந்தத் தடவை கூட்டத்தில் சாரே தலைமை வேண்டாம் என்றுவிட்டார். நான்கு அதிகம், இரண்டு கேட்டால் சுலபமாகக் கொடுப்பார்கள் என்று ஜெர்மனிக்காரர் சொன்னார். இரண்டில் மறுபடியும் தெரியவில்லை என்றுதான் வரும், அதைச் சொல்வதற்கு எதற்குத் தொலைநோக்கி என்றேன். நான்குதான் கேட்டிருக்கிறேன்.

யார் தலைவர் என்று பேச்சு வந்தது. கொடுத்தாலும் கடத்தல்கள் எல்லாம் பார்த்து முடிக்க அடுத்த வருடக் கடைசி ஆகும், அதற்கு மேல் ஒரு வருடம் அலச வேண்டும். மிருதுளாவைப் போட்டு உன்னைத் துணைக்குப் போடலாமா என்று யாரோ இழுத்தார்கள். மிருதுளாவே குறுக்கே விழுந்து, முடியாது, நான் துணைக்குத்தான் என்றாள்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு வியாழக்கிழமை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அதற்கடுத்த திங்கள்.

ஜனவரி 21, புதன்

காய்ச்சல் இல்லை. காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தங்கவேல் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“திங்கக்கெழமை வரைக்கும் டயம் இருக்குதில்ல. நாளைக்கு முடிவு வந்த பொறவு அனுப்பலாமே.”

“எதுக்குங்க?”

“இல்ல, தலைவர் பேரு…”

“முடிவு என்ன வந்தாலும் பேரை மாத்தப் போறதில்லைங்க. அப்பறம் எதுக்கு அதுக்காகக் காத்திருக்கறது?”

அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் தலைவர் என்ற இடத்துக்குப் போனேன். கோகிலவாணி தங்கவேல் என்று அடித்தேன். எழுத்து எழுத்தாக, பிழை வராமல். கடத்தல்கள் என்ற இடத்தில் நான்கு.

அனுப்பினேன்.

வியாழக்கிழமை தன் பாட்டுக்கு வரட்டும்.